உறுமாத கிற்றார்

வவுனியாவில் வீட்டிலேயே ரேடியோ திருத்தும் தில்லைநாதனிடம், கணவன் இராசநாயகத்தின் மின்சாரக் கிற்றாரைச் சேலையில் சுற்றிக்கொண்டு வந்தாள் விமலேஸ்வரி.

"ஒரே உறுமல் அண்ணை. பின்னேரம் உங்கட முன்வளவுக் கலியாணத்தில வாசிக்கப்போறார். திருத்தினது இவருக்குத் தெரியவேண்டாம்."

தில்லைநாதன் தகட்டைக் கழற்றினார். காந்தச் சுருளிலிருந்து தந்திகளுக்குப் போகும் கறுத்த வயர் வெட்டுப்பட்டிருந்தது.

"எந்த மடையன் வெட்டினவன்?"

அவர் ஈயம் உருக்கி ஒட்டினார்.

"இனி உறுமாது. ஆனா ஒலிபெருக்கிப் பெட்டி கரண்ட் அடிச்சா, இந்த வயராலதான் தந்திக்கு வரும். பெட்டி நல்லம்தானே, பிள்ளை?"

"ஓம் அண்ணை, நல்லம்."

வீங்கிய கன்னத்தைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு போனாள். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பின்னேரம், இராசநாயகத்தோடு மேளம் அடிக்கும் நளீர் மழையில் நனைந்தபடி வந்தான்.

"அண்ணை, அந்தக் கிற்றார் உறுமலுக்கு ஒரு வழி சொல்லுங்கோ. பெட்டி கரண்ட் அடிக்குதெண்டு போன கிழமை அவரே ஒரு வயரை வெட்டிப்போட்டார். விமலேஸ்வரி அக்காதான் பக்கத்தில நிண்டு டோர்ச் பிடிச்சவா."

தில்லைநாதன் வாசலுக்குப் பாய்ந்தார்.

முன்வளவில், ஈரப் பந்தலிலிருந்து கிற்றாரின் முதல் ஒலி கேட்டது. உறுமலே இல்லை.

இரண்டாவது ஒலி வரவில்லை.