பிழைப்பு

இயந்திரம் எழுதித் தள்ளும் கவிதைகளில் எழுத்துப்பிழை போட்டு, மனிதர் எழுதியதுபோல் ஆக்குவதுதான் செவ்வந்திக்குச் சோறு போடும் வேலை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள். செத்துப்போன அம்மாவைப் பற்றித் தானே ஒரு கவிதை எழுதி மேலாளரிடம் நீட்டினாள்.

"ஒரு தப்புகூட இல்லையேம்மா. மெஷின் எழுதுனதும்பாங்க."

"தப்பில்லாம எழுதத்தான் சார் எங்கம்மா சித்தாள் வேலை பார்த்துப் படிக்க வெச்சுச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண? நாலு தப்பு போட்டுக் கொண்டா, உன் பேர்லயே வரும்."

பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். மூன்று பிழைகள் கைப்பழக்கத்தில் விழுந்தன. நாலாவதற்கு வேறு இடம் அகப்படவில்லை. அம்மாவின் பெயரில் கை வைத்தாள். எழிலரசி, எளிலரசி ஆனாள்.

மேலாளர் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பதான்மா இதுல ஒரு மனுஷி தெரியுறா."