தூரத்திலேயே தெரியணும்

"இதைவிடப் பெருசு இல்லீங்களா?"

சௌந்திரம் அந்த இண்டிகேட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சென்றாயன் தலை நிமிரவில்லை.

நாமக்கல்லில் திருச்சி ரோட்டை ஒட்டி இருந்தது பொன்னனின் லாரி எலக்ட்ரிக் பட்டறை. டிரைவர்களும் ஓனர்களும் வந்து போகிற இடம். லைட் மாட்டுவதற்கு ஓர் அம்மாள் வந்து நின்றது அவருக்குப் புதிதாக இருந்தது.

வெளியே நின்ற லாரி, முட்டை ஏற்றுவதற்கென்றே பார்த்துப் பார்த்துப் பாடி கட்டிய வண்டி. மழைக்காலத்திலிருந்து ஓடாமல் கிடந்ததில் பேட்டரி செத்துப்போய், முன்விளக்கைச் சுற்றிச் சிலந்தி கூடு கட்டியிருந்தது; இன்னொரு வண்டியில் கட்டித்தான் இழுத்து வந்திருந்தார்கள்.

"ஓடுற லைட்டு வந்திருக்குங்கம்மா. நீலம், பச்சைன்னு மாறி மாறி எரியும். இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்றார் பொன்னன்.

"அழகுக்கு வேண்டாங்க. மழையில வர்றவனுக்குத் தூரத்துலயே தெரியோணும். முன்னாலயும் போடுங்க. பகல்லயே எரியற லைட்டு இருக்குதாமே?"

"இருக்குதுங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணினாலே எரியும்."

பேசிக்கொண்டே பொன்னன் லாரியின் பின்பக்கம் போனார். பாடியின் அடியில் இரும்புச் சட்டம் ஓரிடத்தில் நெளிந்திருந்தது. "பின்னால எவனோ மோதியிருக்கான் போல?"

"பைக்குங்கண்ணா" என்றான் சென்றாயன்.

மீதியைச் சௌந்திரம்தான் சொன்னாள். டயர் வெடித்து மோகனூர் ரோட்டில் ஓரமாக நின்றிருக்கிறது வண்டி. காலை நேரம்தான், ஆனால் எதிரே இருப்பது தெரியாத மழை. பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. பைக்கில் வந்தவன் நேராக வந்து மோதிவிட்டான்.

"ஆளு?"

"போயிட்டானுங்க."

பொன்னன் உச்சுக்கொட்டினார். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "நின்ன வண்டியில வந்து மோதினா நம்ம பையன் என்னங்கம்மா பண்ணுவாரு? இந்தக் காலத்துப் பசங்க போனைப் பார்த்துக்கிட்டேதான் ஓட்டறானுங்க. தப்பு வந்தவன் மேலதான் இருக்கும்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா." சென்றாயன் குறுக்கிட்டான். "லைட்டு எரியலைன்னு எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. லோடு இறக்கிட்டுப் பார்த்துக்கலாம்னு உட்டுட்டேன்."

சௌந்திரம் அவன் கையிலிருந்த பையை வாங்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து கொடுத்தாள். "குடி சாமி."

அவன் குடித்தான். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"வண்டியை வித்துடறேன்னு சொன்னேனுங்க. அம்மா உடமாட்டேங்கறாங்க."

"வித்தா, வாங்கறவன் இதே லைட்டோடத்தானே ஓட்டுவான்? அவனுக்குப் பின்னாலயும் எவனாவது பைக்கில வருவான்ல?" சௌந்திரத்தின் குரலில் கோபம் இல்லை. "நீயே சரி பண்ணு. நீயே ஓட்டு. உன்ற பொண்டாட்டி புள்ளைங்களும் சோறு திங்கோணும்."

"சரிங்கம்மா. நீங்க சொன்னாச் சரிங்க."

பொன்னனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வயரைச் சீவிக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு மரியாதையாப் பேசற பையனை இப்பெல்லாம் எங்கீங்க பார்க்க முடியுது? உங்களுக்கு ஒரே பையனுங்களா?"

"ஆமாங்க. ஒருத்தன்தான்."

சென்றாயன் விலகி ரோட்டோரம் போய் நின்றுகொண்டான்.

பழைய வயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. புது பேட்டரியும் வைத்தார். வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. சாப்பிட்டு வரச் சொல்லியும் இருவரும் போகவில்லை.

கடைசியில் எல்லா விளக்குகளையும் போட்டுக் காட்டினார் பொன்னன். முன்னால் வெள்ளை வெளிச்சம் வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. பக்கவாட்டில் வரிசையாக மஞ்சள். பின்னால் இரண்டு பக்கமும் இண்டிகேட்டர்கள் ஒன்றாக விட்டுவிட்டு எரிந்தன.

சௌந்திரம் குடையை விரிக்காமல் வெயிலிலேயே ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாள். டீக்கடையைத் தாண்டினாள். பெட்ரோல் பங்கையும் தாண்டி, ரோடு வளைகிற இடத்துக்குப் போய்த் திரும்பி நின்றாள். அங்கிருந்து லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகளும் பஸ்களும் அவளைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

போன மாதிரியே மெதுவாகத் திரும்பி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுதுங்களாம்மா?" என்று கேட்டான் சென்றாயன்.

"தெரியுது சாமி. அவ்வளவு தூரத்துலயும் நல்லாத் தெரியுது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினான். ஸ்டியரிங்கில் கை வைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இன்ஜின் உறுமியது.

"இனிமே கவலையில்லைங்கம்மா" என்றார் பொன்னன், கையைத் துடைத்தபடி. "பைக்கில வந்தவனையே நினைச்சு உருகிட்டிருக்காதீங்க. அவன் விதி அவ்வளவுதான். நீங்க உங்க பையனைப் பாருங்க."

சௌந்திரம் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"பைக்கில வந்தவன்தானுங்க என்ற பையன்."