கிடா வாங்கிய முதல் மனை

முதன்முதலாக மனை வாங்கிய வெள்ளாட்டுக் கிடா, கோடை வெயிலில் அஸ்திவாரம் தோண்டியது. காய்ந்த சேற்றுக்குள் ஒரு விரால் மீன் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு என் இடத்துல படுத்திருக்கே?" என்று கிடா கத்தியது. "நரியண்ணன் வேன்ல கூட்டிட்டு வந்து, அகத்திக்கீரை விருந்து வெச்சு, கல் நட்டுக் குடுத்த இடம் இது!"

"இடம் பார்க்க எந்த மாசம் வந்தே, தம்பி?" என்று கேட்டது விரால்.

"பங்குனியில. அதுக்கென்ன இப்போ? பத்திரம் என் பேர்ல இருக்கு! ஆக்கிரமிப்பும் பண்ணிட்டுக் கேள்வி வேற கேக்குறியா? மரியாதையா வாடகையை எடு!"

விரால் கொட்டாவி விட்டது.

"இந்த ஏரியில நான் யார்கிட்டயும் வாடகை வாங்குறதில்ல. மழை வர்ற வரைக்கும் தாராளமா இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டு, சேற்றை இழுத்துப் போர்த்திக்கொண்டது.