காலர் தைப்பவளின் ஐந்து படிவங்கள்

சட்டைத் தொழிற்சாலையின் கண்ணாடி அறைக்குள் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. வெளியே நாற்பது தையல் மிஷின்கள் இரைகின்றன. மேசைமேல் இருக்கும் மதிப்பீட்டுப் படிவங்களைச் சூப்பர்வைசர் அம்மாள் தட்டித் தட்டி அடுக்குகிறாள். எதிரே நிற்பவள், காலர் தைப்பதில் அந்தத் தளத்திலேயே கெட்டிக்காரி. தோளில் ஒட்டிய நூலைக்கூட எடுக்காமல் வந்திருக்கிறாள்.

"அஞ்சு வருஷமா முன்னேறாதவங்களை வேலையை விட்டு நிறுத்தறாங்க. லிஸ்ட்ல உன் பேரும் இருக்கு."

"நான் ஒருநாள் லீவு போட்டா லைனே படுத்துடும்னு சொல்வீங்களேக்கா!" சிரிக்கிறாள். எதிரே சிரிப்பில்லை என்றதும் அவள் முகம் வெளுக்கிறது. படிவங்களைத் தன் பக்கம் திருப்புகிறாள். பதவி உயர்வுக்கான கட்டத்தில் ஐந்து வருடமும் அக்காவின் கையெழுத்தில் ஒரே வரி: 'இன்னும் பழக வேண்டும்.'

"உன்னை மேல அனுப்பிட்டா காலருக்கு யாருடி இருக்கா? அதான் அப்படி எழுதினேன்."

"இப்பவாவது மேல சொல்லுங்கக்கா."

"சொல்லிட்டேன். நீங்க எழுதினதைத்தானே படிச்சோம்னு கேக்கறாங்க."

சூப்பர்வைசர் வெள்ளைத்தாள் எடுத்து, வேறு கம்பெனியில் காட்டுவதற்காக எழுதித் தருகிறாள். கைதேர்ந்தவள், பத்துப் பேருக்குத் தொழில் சொல்லித் தந்தவள், ஒரு லைனையே நடத்தக்கூடியவள். காலர் தைப்பவள் அதை வாங்கி நின்றபடியே படிக்கிறாள்.

"இதுல ஒரு வரியை அந்தக் கட்டத்துல எழுதியிருக்கலாமேக்கா."

சூப்பர்வைசர் படிவங்களை மறுபடி அடுக்குகிறாள். அவளுக்குத் தாளைக் கிழித்தெறியத்தான் தோன்றுகிறது. ஆனால் நாளை வேலை தேட வேண்டும். கசங்காமல் நான்காக மடித்துக்கொள்கிறாள்.