பேய்க்கு ஒரு விலாசம்

"உங்கட பேய்க்கு வேற இடமே கிடைக்கல்லியா, ரீச்சர்?"

அபூதாஹிர் புத்தகத்தைக் கஜந்தி வீட்டு மேசையில் போட்ட வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பை ஆடியது.

கஜந்தி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை. சிறுவர் புத்தகம் எழுதுகிறவள். என்றாலும் துறைமுகப் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் ரீச்சர்தான்; அவளுக்கு அவர், அண்ணன் முறையில், நானா.

"இருங்கோ நானா. என்ன நடந்தது?"

"இருக்க வரல்ல. உங்கட சிரிப்புப் புத்தகத்த வாசிச்சு எங்கட வீடே சிரிச்சது. பழைய பெரிய கதைகளச் சின்னப் புள்ளைகளுக்கு விளங்குற மாதிரிச் சுருக்கி எழுதுறீங்க. அதுக்கும் நான் ஒண்டும் சொல்லல்ல. இந்தப் பேய்க்கதை எதுக்கு? ஊர்ப் பேயெல்லாம் புளியமரத்துலயும் மையவாடியிலயும் இருக்கும். உங்கட பேய் மட்டும் என்ட ஐஸ் பக்டரியில, பின் மதிலோரம், தண்ணித் தொட்டிக்குள்ள! தபால்காரன் நேரா போய்க் கடிதம் குடுக்கலாம். அவ்வளவு சரியான விலாசம்!"

கஜந்தி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம்.

ஐஸ் பக்டரி மூடிப் பல வருடம். கட்டிடம் சும்மா கிடந்தது. ரியூசன் வகுப்பு நடத்துகிற திலக்சன் அதை வாடகைக்குக் கேட்டபோது அபூதாஹிர் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்துதான் 'ஓம், தாறன்' என்றார். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. வாங்கு, மேசை எல்லாம் வந்து இறங்கியாயிற்று.

வகுப்பு தொடங்கிய அன்று பிள்ளைகள் கேற்றடி வரைக்கும் வந்தார்கள். அதற்கு மேல் வரவில்லை.

"ஒற்றைச் செருப்போட ஒரு பேய் தொட்டிக்குள்ளால வருமாம். மற்றச் செருப்பத் தா எண்டு கேக்குமாம்! பேய்க்கு எதுக்கு ரீச்சர் செருப்பு? நேத்து ஒரு புள்ளையும் கேற்றுக்குள்ள கால் வைக்கல்ல. திலக்சன் காலையில போன்ல கோல் எடுத்து, வேணாம் நானா எண்டிட்டான்."

"ஒரு பிள்ளையும் உள்ளுக்குப் போகேல்லையோ?"

"போகல்ல."

கஜந்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது.

அபூதாஹிர் அதிர்ந்துபோனார். ஒரு மனிசனின் பிழைப்பு விழுந்து கிடக்கிறது. இவளுக்கு நிம்மதியாக இருக்கிறதாம்!

"சந்தோசப்படுறீங்களா ரீச்சர்?"

"ஓம் நானா."

அவர் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"அந்தத் தொட்டிக்கு இரும்பு மூடி ஒண்டு இருந்ததல்லோ? அது எங்க?" என்று கஜந்தி கேட்டாள்.

"பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டன். பதிலுக்குத் தகரம் போட்டிருக்கன்தானே."

"தகரம் உக்கிப் போச்சு. அதுக்கு மேல புல்லு மூடிப் போச்சு. நிலத்துக்குள்ள தொட்டி இருக்கிறதே தெரியாது. நான் ரெண்டு தரம் உங்கட வீட்ட வந்து சொன்னனான். 'பாப்பம்' எண்டு சொல்லித் தேத்தண்ணி தந்து அனுப்பினனீங்கள்."

"அதுக்காகப் பேயப் புடிச்சு விடுறதா?"

"பெரியாக்களுக்குச் சொன்னன், கேக்கேல்ல. சின்னாக்களுக்குச் சொன்னன், கேட்டிட்டினம். நீங்கள் கொங்கிறீற்றில ஒரு மூடி போடுங்கோ. அடுத்த பதிப்பில உங்கட பேயைக் கப்பல் ஏத்தி அனுப்பிவிடுறன்."

பகிடி விடுகிறாள்! அபூதாஹிருக்குக் கோபம் தலைக்கேறியது.

"இத்தின வருசத்துல ஒரு புள்ள அதுக்குள்ள விழுந்திருக்கா? ஒரு புள்ளையச் சொல்லுங்க பாப்பம்! என்ட மகள் ஷிஃபானா அந்த வளவுலயே விளையாடி வளந்தவ. அவளுக்கு என்ன நடந்தது? இப்ப உங்கட புண்ணியத்துல அவளும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறல்ல!"

கஜந்தியின் முகம் மாறியது.

"விழப் பாத்தது ஒரு பிள்ளை. பேர் சொல்ல மாட்டன் நானா. அந்தப் பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்."

"இது நல்ல கதை!"

"பூனைக்குட்டிக்குப் பின்னால ஓடி வந்தவ. தகரத்தில கால் வைச்ச உடன அது உடைஞ்சிட்டுது. சத்தம் கேட்டு என்ர வீட்டு மதிலால எட்டிப் பாத்தனான். தொட்டி விளிம்பைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டிருக்கிறா. மதில் ஏறிக் குதிச்சுப் போய் இழுத்து எடுத்தன். 'வாப்பாட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க ரீச்சர்' எண்டு என்ர கையைப் பிடிச்சு அழுதா. உடைஞ்ச தகரத்துக்கு மேல இன்னொண்டை இழுத்துப் போட்டு மூடினன். அதுக்குப் பிறகுதான் உங்களிட்ட ரெண்டு தரமும் வந்தது. பிள்ளையின்ர கதையை மட்டும் சொல்லேல்ல."

"ரீச்சர், நீங்க கதை எழுதுறவ. இதையும் ஒரு கதையெண்டு நான் ஏன் நினைக்கக்கூடாது?"

கஜந்தி உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். திரும்பி வந்து, பேய்ப் புத்தகத்தின் மேல் ஒரு பொருளை வைத்தாள்.

"அடுத்த நாள் தகரத்தை விலக்கிப் பாக்கேக்க தொட்டித் தண்ணியில மிதந்தது."

சின்னக் கால் ஒன்றின் ரப்பர் செருப்பு. ரோசா நிறம். வாரில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி.

அபூதாஹிர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

பெருநாளைக்கு அவரே கடை கடையாய்த் தேடி வாங்கிக் கொடுத்த சோடி அது. ஒரு கிழமைக்குள் ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்தாள் என்று, ஷிஃபானாவுக்கு அவர் கை ஓயும்வரை அடித்தார். அவள் கடைசிவரை அழுதாளே தவிர, எங்கே தொலைந்தது என்று வாயே திறக்கவில்லை.