சகலையின் டாட் நெட்

சகலை பட்டறைக்குள் வந்து நின்றபோது என் கையில் ஒரு சிறுமியின் கால் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே பொருத்துகிற பிளாஸ்டிக் கால். பாதிதான் தேய்த்திருந்தேன்.

“அண்ணா, நான் கடையை மூடறேன். அந்த டாட் நெட்டையும் நீங்களே வச்சுக்குங்க.”

உப்புத்தாள் கையிலேயே நின்றுவிட்டது. எட்டு வருட வயிற்றெரிச்சலில் ஒரே பேச்சில் பாலை வார்த்துவிட்டான்.

இவன் என் மனைவியின் தங்கை கணவன். ஒரே பட்டறையில் சேர்ந்து செயற்கைக் கால் செய்தவர்கள் நாங்கள். பிரிந்தபோது கடைப்பெயரை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசு வரவில்லை. ஒரே பெயரில் இரண்டு கடை, இரண்டு வெப்சைட். மூத்த மாப்பிள்ளை என்ற உரிமையில் டாட் காமை நான் எடுத்துக்கொண்டேன். மிஞ்சிய டாட் நெட்டை அவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது.

புள்ளிக்குப் பின்னால் என்ன இருந்தாலும் ஜனங்களின் விரல் தானாக ‘காம்’ என்றுதான் அடிக்கும், வழி தவறுகிறவர்கள் எல்லாம் உங்களிடம்தான் வருவார்கள் என்று வெப்சைட் செய்துகொடுத்தவர் அன்றே சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தார்கள். அவனுக்கு நன்றி சொல்ல வந்தார்கள்.

புதுக் கால் மாட்டிய வாரத்தில் யாரும் நன்றி சொல்வதில்லை. வலிக்கிறது, உரசுகிறது என்பார்கள். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அச்சடித்த மெயில் முகவரியைப் பார்த்து, ஒழுங்காக டாட் நெட்டுக்கு எழுதுவார்கள். நன்றி வருவது மூன்று நான்கு மாதம் கழித்து, நடந்து பழகிய பிறகு. அதற்குள் பில் எங்கேயோ போயிருக்கும். ஞாபகத்தில் இருக்கும் கடைப்பெயரோடு ஒரு டாட் காமைச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

அவனுக்கு எழுதிய நன்றியெல்லாம் எனக்கு வந்தது. ஒருவர் மாடிப்படி ஏறியிருந்தார். ஒரு அம்மா, மகன் ஓடியதைப் பார்த்துப் பள்ளி மைதானத்தில் அழுதிருந்தாள். இன்னொருவர், காலைக் கழற்ற மறந்து தூங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரி இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. முப்பது வருடமாகக் கால் செய்கிறேன். நான் செய்த காலை யாரும் கழற்ற மறந்ததில்லை. எனக்கு வருவதெல்லாம் ‘பரவாயில்லை’ ரகம்.

ஒரு கடிதத்தைக்கூட அவனுக்கு அனுப்பவில்லை. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேடி மழுப்ப மாட்டேன்.

ஏன் மூடுகிறாய் என்று கேட்டேன், குரலில் அக்கறையை வரவழைத்துக்கொண்டு.

அவன் போனை எடுத்து என் வெப்சைட்டைத் திறந்து காட்டினான்.

“தினமும் இதைப் படிப்பேண்ணா. காலைக் கழட்டவே மறந்துட்டேன்னு ஒருத்தர் உங்களுக்கு எழுதியிருக்காரு பாருங்க. எனக்கு ஒருத்தர்கூட இப்படி எழுதினதில்ல. வலிக்குது, உரசுது, இதேதான். எனக்கு இந்த வேலை கை வராதுன்னு புரிஞ்சுபோச்சு.”

எழுதியவர்களின் பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் அங்கே போட்டது நான்தான்.

அவன் முகத்தில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. அதில் ஒரு துளி வெறுப்பு இல்லை. பொறாமைப்படுவதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்தான்.

அங்கேயே நின்றபடி போனில் எதையோ தட்டினான். என் போன் அதிர்ந்தது. டாட் நெட் முகவரி உங்கள் பெயருக்கு மாறுகிறது, சம்மதமா என்று திரையில் கேட்டிருந்தது.

சம்மதம் என்று அழுத்தினேன்.

அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.