நான்காவது பாட்டு

அறுபத்திரண்டு சதவீதத்தில் நகல் நின்றது.

லிங்கேஸ்வரன் மடிக்கணினியைப் பார்த்தான். யூஜினியா அவனைப் பார்த்தாள்.

செரண்டாவில் அவன் ஆடியோ கடை வாசலில் அவளுடைய கார் டாஷ்போர்டு பிரிந்து நின்றது. பதினெட்டு வருடப் பழைய கார். ஜப்பானில் ஒருவர் ஓட்டி முடித்து, இங்கே விலைக்கு வந்தது. திரைக்குப் பின்னாலிருந்த ஹார்ட் டிஸ்க் இப்போது மேசைமேல் கிடந்தது. பக்கத்தில், அதன் எடையில் பாதிகூட இல்லாத புதிய எஸ்எஸ்டி.

பழையதில் இருப்பது அப்படியே புதியதற்குப் போக வேண்டும்.

முந்திய சொந்தக்காரர் தன் சிடிக்களை எல்லாம் அதில் ஏற்றி, அழிக்காமலே விற்றிருந்தார். முந்நூறு பாட்டுகள். பெயர்கள்கூட ஜப்பானிய எழுத்தில்.

“ஆண்ட்ராய்டு பிளேயர் போட்டுக்கங்கன்னு அப்பவே சொன்னேன். ஜப்பான்காரன் பாட்டுக்காக புக்கிட் ரோத்தான்லேருந்து இவ்வளவு தூரம் வந்த மொத ஆளு நீங்கதான்க்கா.”

“எல்லாம் வேணாம் தம்பி. ஒண்ணு போதும். நாலாவது.”

“அத மட்டும் தனியா எடுக்க முடியாது லா. கார் கம்பெனிக்காரன் பூட்டு போட்டிருக்கான். வந்தா மொத்தமா வரும். பேரச் சொல்லுங்க, போன்லயே தேடித் தரேன்.”

“பேரு தெரியாது. ஜோலீனுக்குத் தெரியும்.”

“மகளா? ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க.”

யூஜினியா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

காலையில் காரில் ஏறியதும் ஜோலீன் அதைத்தான் போடுவாள். எங்கெங்கோ தேடிப் பாட்டின் பெயரைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒருமுறை சொன்னாள். யூஜினியா காதில் வாங்கவில்லை.

ஜோலீன் டப்ளினுக்கு வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. கிளம்பிய அன்று யூஜினியா சொன்னது மூன்றே வார்த்தை. போனா திரும்பி வராதே.

மகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமசுக்கு அப்பாவை மட்டும் கூப்பிடுவாள். அம்மாவின் எண்ணிலிருந்து போகும் அழைப்பு அடித்து ஓயும்.

சென்ற மாதம் வரை பாட்டு இருந்தது. யூஜினியா தினமும் கேட்டாள். பிறகு திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. இரண்டு கடைகளில் டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொன்னார்கள்.

“படிக்க முடியாத எடத்தத் தாண்டிப் போகச் சொல்லட்டாக்கா?”

“தாண்டுற எடத்துல அது இருந்துச்சுன்னா?”

“இருந்தா போச்சு.”

“அப்ப வேணாம். நான் காத்திருக்கேன்.”

அவன் பெருமூச்சு விட்டான். டிஸ்க்கை நிமிர்த்தி வைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினான். சூடு தணிந்தால் சில சமயம் படிக்கும் என்றான்.

காற்று அதன்மேல் படுகிறதா என்று யூஜினியா கையை நீட்டிப் பார்த்தாள். விசிறியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.

வாசலில் இரண்டு லோரிகள் போயின. மழை தூறிவிட்டு நின்றது.

அறுபத்து மூன்று.

அதன் பிறகு நிற்கவில்லை.

புதியதை உள்ளே பொருத்தி அவன் சாவியைத் திருப்பியதும் திரை உடனே விழித்தது. யூஜினியா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். நான்காவதைத் தொட்டாள்.

கிதார். பிறகு ஒரு பெண் குரல்.

யூஜினியாவின் உதடுகள் கூடவே அசைந்தன. அர்த்தம் தெரியாத மொழி. ஒரு சொல் பிசகவில்லை. கதவைப் பிடித்தபடி நின்ற லிங்கேஸ்வரன் கேலி செய்ய வாயெடுத்து, விட்டுவிட்டான்.

அந்தக் குரல் மூச்சு வாங்கியது. வயலின்கள் எழுந்தன.

யூஜினியாவின் கை போய்ப் பாட்டை நிறுத்தியது.

“ஏன்க்கா? நல்லாத்தானே பாடுது. இன்னும் பாதி இருக்கு.”

“இருக்கும் தம்பி. நான் கேட்டதில்ல,” என்றாள். “இந்த எடத்துல ஸ்கூல் வந்துடும். அவ இறங்கிடுவா.”